சில்லு வீட்டில் லண்டன் வேலை

கேள்வி: கிளிநொச்சி கனகபுரத்தில் இருக்கிறோம். எனக்கு லண்டன் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் சோதித்துக் கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறேன். இவர் வீதி ஒப்பந்த வேலைகளில் மேற்பார்வையாளர். மாங்குளம், ஒட்டுசுட்டான், மடு, பூநகரி என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் நிற்க வேண்டும். கலியாணம் முடிந்து இரண்டு வருடத்தில் பாதிநாள் பிரிந்துதான் இருந்திருக்கிறோம். பழைய கோஸ்டர் பஸ் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வீடாக்கி, இவர் போகிற இடமெல்லாம் போய், அதற்குள்ளேயே இருந்து வேலை செய்யலாமா? சோலர் எவ்வளவு போட வேண்டும்? ஏசி பூட்டலாமா? இணையத்தை நம்பலாமா? அம்மா "இது என்ன குறவர் சீவியம்" என்று பேசுகிறா.
— வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, செய்யலாம். ஆனால் சோலர் எத்தனை வாட் என்று கேட்பதற்கு முதல், நீங்கள் ஒரு சொல்லில் சொல்லிக் கடந்துபோன விசயத்தைப் பிடிக்க வேண்டும். லண்டன் வேலை. அங்கே காலை 9 மணி என்பது, மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை எங்களுக்கு மத்தியானம் 1.30. மற்ற மாதங்களில் 2.30. முடிகிற நேரம் இரவு 9.30 அல்லது 10.30.

அப்படியென்றால், தகரம் கொதிக்கிற நேரத்தில் வேலைக்கு உட்காருகிறீர்கள். சோலர் படுத்தபிறகும் நாலைந்து மணித்தியாலம் இருக்கிறீர்கள். ஊரே போனில் படம் பார்க்கிற நேரத்தில் கூட்டத்தில் பேசுகிறீர்கள். பகல் வேலைக்காரருக்கென்று போட்ட சோலர் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. வெக்கை, இரவு மின்சாரம், இரவு இணையம் ஆகிய மூன்றுக்கும் வழி பார்த்தபிறகு கட்டில் எங்கே, குசினி எங்கே என்று கீறுங்கள். அநேகம் பேர் கட்டிலில்தான் தொடங்குகிறார்கள்.

கோஸ்டருக்குச் சுற்றிவரக் கண்ணாடி. ஓகஸ்ட் மத்தியானம் வன்னியில் நிழலிலேயே 34, 35 பாகை இருக்கும். வெயிலில் பூட்டி நிற்கிற பஸ்ஸுக்குள் அது 50ஐத் தொடும். இதை ஏசியால் வெல்ல நினைக்காதீர்கள். 9,000 பிடியூ இன்வேர்ட்டர் ஏசி 700, 800 வாட் இழுக்கும்; கண்ணாடி வண்டிக்குள் அதற்கு இளைப்பாறவே நேரம் கிடைக்காது. உங்கள் எட்டு மணித்தியால வேலைக்கு ஐந்தரை, ஆறு யூனிற் (ஒரு யூனிற் 1,000 வாட் மணி) போய்விடும். கீழே சொல்லப்போகிற பற்றரி முழுவதையும் கொடுத்தாலும் போதாது. ஆரேனும் வீட்டு வளவில் நின்று அவர்களின் லைனில் கொழுவுகிற நாளுக்கு மட்டும் ஏசி என்றால் சரி.

ஆகவே வெக்கையை உள்ளே விடாமல் மறிப்பதுதான் வேலை. கூரைக்கு வெப்பத்தைத் திருப்புகிற வெள்ளைப் பெயின்ற். அதற்கு மேலே சோலர் பலகைகளை ஐந்து சென்றிமீற்றர் இடைவெளி விட்டு உயர்த்திப் பூட்டினால் அவை இரண்டாவது கூரையாக நின்று நிழல் தரும். கீழே காற்று ஓடுவதால் பலகையும் சூடு குறைந்து கூடுதலாகத் தரும். உள்கூரையில் 25 மில்லிமீற்றர் நைட்ரைல் ரப்பர் நுரையை இடைவெளி இல்லாமல் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளைவூட். கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். மாரியில் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு கூரைத் தகட்டை உள்ளிருந்து தின்னும். கறள் கண்ணுக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றித் தகடு அடைக்க ஆசை வரும். அது உடல் மாற்றம், தனி அனுமதி தேவை. கண்ணாடியை அப்படியே விட்டு, ஒவ்வொன்றின் அளவுக்கும் 25 மில்லிமீற்றர் கெட்டி நுரைப் பலகை வெட்டி, வெள்ளைப் பக்கம் வெளியே பார்க்க இறுக்கிச் செருகுங்கள். தேவையான நேரம் கழற்றலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு ஜன்னலை மட்டும் நேருக்கு நேர் திறக்க விட்டு நுளம்பு வலை அடியுங்கள். கட்டிலுக்கு மேலே, வண்டியின் பின்பக்கக் கூரையில் 14 அங்குல வெளியேற்று விசிறி ஒன்று. அது ஓடும்போது உங்கள் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் காற்று முழுவதும் உங்களைத் தடவிக்கொண்டுதான் போகும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு விசிறியைப் போட்டால் சத்தம் மட்டும் மிச்சம்.

வண்டியை நிறுத்துகிற திசையும் விசிறியளவுக்கு முக்கியம். முகப்பு கிழக்கே, பின்பக்கம் மேற்கே. அப்போது காலை வெயிலும் பின்னேர வெயிலும் வண்டியின் ஒடுங்கின பக்கங்களில் விழும். ஏறுகிற கதவு இடப்பக்கம், அதாவது வடக்கே. ஏப்பிரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை இங்கே சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்காகப் போகும் என்றாலும், அது ஒரு சிறு தாழ்வாரத்தால் மறைக்கக்கூடிய அளவு. அதே மாதங்களில் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். வலப்பக்க ஜன்னலால் நுழைந்து கதவால் வெளியேறும். பின்னேரம் வேகிற மேற்குப் பக்கத்துக்குக் கழற்றிப் பூட்டக்கூடிய கிடுகுத் தட்டி இரண்டு வைத்திருங்கள். பாரம் இல்லை, வெக்கையைப் பிடித்து வைப்பதுமில்லை. கடையில் விற்கிற பளபளப்புத் திரை அதற்குக் கிட்ட நிற்காது. தாழ்வாரத்துக்குத் தறப்பாளை விட 70 வீத நிழல் வலை நல்லது. தறப்பாளின் கீழ் சூடு தேங்கும். மழைக்குத் தறப்பாள் தனியாக இருக்கட்டும்.

இனி மின்சாரம். உங்கள் இருவரின் ஒரு நாள் செலவு கிட்டத்தட்ட இப்படி வரும். லப்டொப் 60 வாட், எட்டரை மணித்தியாலம்: 510 வாட் மணி. இரண்டாவது திரை 200. சிறிய ஸ்டார்லிங்க் (செய்மதி இணையத் தட்டு) 35 வாட் வீதம் ஒன்பது மணித்தியாலம்: 315. ரவுட்டர் 80. 45 லீற்றர் கொம்பிரஸர் பிறிட்ஜ், இந்த வெக்கையில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் 550. விசிறிகள் பகலும் இரவும் சேர்த்து 700. வெளிச்சம், தண்ணீர் மோட்டார், போன்கள் 130. இவரின் லப்டொப் 100. கூட்டினால் 2,585, 2,600 என்று பிடியுங்கள். இதில் 1,600 வரை பின்னேரம் 4.30க்கும் மறுநாள் விடிய 8.30க்கும் இடையில் செலவாகிறது. அவ்வளவும் பற்றரியிலிருந்துதான் வரவேண்டும்.

வாங்குவதற்கு முதல் வண்டியின் ஸ்டாட்டர் பற்றரியைத் திறந்து பாருங்கள். இரண்டு பற்றரி தொடராகக் கொழுவியிருந்தால் வண்டி 24 வோல்ட். கோஸ்டர், ரோசா பலதும் அப்படித்தான். அப்படியென்றால் வீட்டுப் பகுதியையும் 24 வோல்ட்டிலேயே செய்யுங்கள். வயர் மெலியும், நட்டம் குறையும். 25.6 வோல்ட் 200 அம்பியர் மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி போதும். அதில் 5.1 யூனிற் இருக்கும். எண்பது வீதம் பாவித்தால் 4.1. ஈயப் பற்றரி மலிவு என்று ஒருவர் சொல்லுவார். அதில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது, எடை மூன்று நாலு மடங்கு, 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் கிட்டத்தட்டப் பாதியாகும். வன்னியில் 25 பாகையை எங்கே தேடுவது? லிதியத்துக்கும் 45 பாகைக்கு மேல் பிடிக்காது. எஞ்சினுக்கும் சைலன்சர் குழாய்க்கும் எட்ட, உள்ளே இருக்கையின் கீழே காற்றோட்டம் விட்டு வையுங்கள்.

கூரையில் 410 வாட் பலகை மூன்றைக் குறுக்கே வைத்தால் 1,230 வாட். படுக்கையாக, சூடாக இருக்கிற பலகையில் எழுபது வீதம்தான் எதிர்பார்க்கலாம். கோடையில் நாளுக்கு நாலு யூனிற் வரும், உங்களுக்குத் தாராளம். மாரியில் மூடின நாளில் ஒன்று, ஒன்றேகால்.

இந்த மூன்றையும் எப்படிக் கொழுவுவது என்பதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். "நிழல் விழுந்தால் சமாந்தரம் நல்லது" என்று எங்கோ கேட்டுவிட்டு மூன்றையும் சமாந்தரமாகப் போடுவார்கள். அந்தப் பலகை ஒன்று குளிர்ந்த நிலையில் 31 வோல்ட்டில் வேலை செய்யும். கூரையில் 70 பாகை ஏறும்போது 26க்கு இறங்கிவிடும். உங்கள் பற்றரிக்கு ஏற 28.4 வோல்ட் வேண்டும். உச்சி வெயிலில், எல்லாம் புதிதாக இருக்க, மின்சாரம் உள்ளே போகாது. விற்றவனைத் திட்டுவோம், குற்றம் கொழுவினதில். தொடராகத்தான் போட வேண்டும். அப்படிப் போடும்போது சும்மா நிற்கிற பலகைகளின் மொத்த வோல்ட் 37 வீதம் மூன்றுக்கு 111. ஆகவே சோலருக்கும் பற்றரிக்கும் இடையில் நின்று ஏற்றத்தைக் கட்டுப்படுத்துகிற எம்பிபிடி கொன்றோலரை 100 வோல்ட் வரை தாங்கும் வகையில் வாங்கினால் முதல் நாளே எரியும். 150 வோல்ட், 45 அம்பியர் வகையைக் கேளுங்கள். அதில் ஏற்ற வோல்ட் 28.4, மிதவை 27, சமன்படுத்தும் ஏற்றம் நிறுத்தம் என்று வைத்துவிடுங்கள்.

வண்டி ஓடும்போது வீட்டுப் பற்றரி ஏற 24க்கு 24 வோல்ட் டீசி–டீசி சார்ஜர், 17 அம்பியர். ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு 400 வாட் மணிதான். நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறவர்கள் என்றபடியால் இதை நம்பியிருக்க முடியாது. வீட்டு லைனில் கொழுவ 230 வோல்ட் சார்ஜர் ஒன்று கட்டாயம். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச், வண்டி உடலுக்கு ஏத். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் ஈரநிலத்தில் நின்றுகொண்டு கதவைத் தொடுகிற ஆள் மின்பாதை ஆகிவிடுவார். இடையில் சிறிய உபமானி ஒன்று பூட்டுங்கள். வளவுக்காரருக்கு யூனிற் கணக்கில் காசு கொடுத்தால் இரண்டாம் முறையும் சிரித்துக்கொண்டு கேற் திறப்பார்கள்.

இன்வேர்ட்டர் 1,000 வாட், தூய சைன் அலை. அதற்கு மேல் தேவையில்லை. லப்டொப்பை அதில் கொழுவாதீர்கள்; 24 வோல்ட்டிலிருந்து நேரே 100 வாட் தருகிற யூஎஸ்பி சி வகைக் கார் சார்ஜரில் ஓட்டினால் பத்துப் பதினைந்து வீதம் மிஞ்சும். பற்றரியிலிருந்து 25 சதுர மில்லிமீற்றர் வயர், நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 100 அம்பியர் ரி வகைப் பியூஸ். லிதியம் பற்றரி குறுக்கே முட்டினால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். சாதாரண பியூஸ் அதில் உருகியும் பொறி அறாமல் எரியும். வயர் முனைக்கு லக் அடிக்கும்போது ஹைட்ரோலிக் கருவியால் அமுக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டின லக் வெளியே வடிவாக இருக்கும், கிரவல் றோட்டில் இரண்டு மாதம் ஆடியபின் சூடேறி உறையை உருக்கும். எல்லா வயரும் குழாய்க்குள் ஓடட்டும். நெல்லு வெட்டின காலத்தில் எலி ஏறும்.

இணையத்துக்கு வருவோம். ஒன்றை நம்பாதீர்கள், மூன்றாக வையுங்கள். வேறு வேறு நிறுவனத்தின் சிம் இரண்டு, மேலே ஸ்டார்லிங்க். ஸ்டார்லிங்க் இலங்கையில் 2025 ஜூலையில் தொடங்கியது. அதன் வீட்டுத் திட்டம் ஒரு முகவரிக்குக் கட்டுப்பட்டது. இடம் மாற அனுமதிக்கிற திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். சிறிய வகை 12 முதல் 48 வோல்ட் வரை எடுக்கும், ஆகவே உங்கள் 24இல் நேரே ஓடும். அதற்குத் திறந்த வானம் வேண்டும், உங்களுக்கு மரநிழல் வேண்டும். ஸ்டார்லிங்க் தட்டை வண்டிக் கூரையில் ஆணி அடித்துவிடாமல், கூட வருகிற 15 மீற்றர் வயரோடு வெளியில் கொண்டுபோய் வையுங்கள். கிளை ஒன்று மறைத்தால் சில விநாடிதான் அறும். படம் பார்க்கிறவருக்குத் தெரியாது, கூட்டத்தில் பேசுகிறவருக்குக் கழுத்தறுப்பு.

4ஜி ரவுட்டரில் சிக்னல் பலத்தைக் காட்டுகிற ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90க்குக் கிட்ட என்றால் நல்லது, 105 சமாளிக்கலாம், 115 என்றால் வண்டியை நகர்த்துங்கள். அன்ரெனாவை ஐந்து மீற்றர் குழாயில் ஏற்றி, நீளமான அன்ரெனா வயரைக் கீழே இறக்கினால் பிடித்த சிக்னலை வயரே குடித்துவிடும். மழை புகாத பெட்டிக்குள் ரவுட்டரையே மேலே ஏற்றி, நெற்வேர்க் கேபிளைக் கீழே இறக்குங்கள். சிக்னல் முழுதாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு இழுபடும் ரவர்கள் உண்டு, ஆட்கள் கூடினபடியால். ஆகவே இடம் பார்க்கப் போகும்போது காலை பத்து மணிக்குச் சோதிக்காதீர்கள். இரவு 7.30க்கும் 9.30க்கும் இடையில், இரண்டு நாள், கம்பனி விபிஎன் போட்டபடி, அரை மணி வீடியோ அழைப்பில் இருந்து பாருங்கள். மடுத் திருவிழா ஓகஸ்ட் 15. அந்தக் கிழமை மடுவில் நின்றால் சிம் இரண்டும் திணறும். அன்றைக்கு ஸ்டார்லிங்க் கைகொடுக்கும், இல்லாவிட்டால் லீவு போடுங்கள். கம்பனிக்கு நாட்டுக்குள்ளேயே இடம் மாறுவதை எழுத்தில் சொல்லிவையுங்கள். நாடு மாறாதபடியால் ஒப்பந்தத்தில் பெரிய சிக்கல் வராது, ஒளித்தால்தான் சிக்கல்.

மேசை மடக்குவதாக இருக்கக்கூடாது. உயரம் 73 சென்றிமீற்றர், கதிரை இருக்கை 45. தினமும் எட்டு மணித்தியாலம் கட்டில் விளிம்பில் இருந்தால் மூன்றாம் மாதம் நாரி சொல்லும். தகரக் கூரையில் மாரி மழை கொட்டும்போது நீங்கள் கத்தினாலும் லண்டனுக்குக் கேளாது; வாய்க்குக் கிட்ட ஒலிவாங்கி வருகிற, பின்சத்தம் வெட்டுகிற ஹெட்செற் ஒன்று வாங்குங்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கோஸ்டர் உங்கள் இருவருக்கும் நல்ல தெரிவு. 29 பேர் ஏறின வண்டி. ஆட்களின் எடையே ஒன்றரைத் தொன்னுக்கு மேல் தாங்கியிருக்கும். வீட்டு வேலை 1,200 கிலோவுக்குள் நிற்கட்டும். 8க்கு 4 அளவு பிளைவூட், 9 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பலகை 16 கிலோ வரும், 18 என்றால் அதன் இரட்டிப்பு. அலுமாரிக்கு 9 போதும். தண்ணீர்த் தாங்கி ஒருபக்கம் என்றால் பற்றரி மறுபக்கம். பாதி வேலையிலும் முடிவிலும், நெல் ஆலையில் லொறி நிறுக்கும் தராசில் முன்சில்லையும் பின்சில்லையும் தனித்தனியே ஏற்றி நிறுத்துப் பாருங்கள். ரயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ஆறு வருடம் தாண்டியது என்றால் பூ இருந்தாலும் மாற்றுங்கள், நிற்கிற வண்டியின் ரயர் வெயிலில்தான் சாகும்.

ஆசனங்களைக் கழற்றினாலும், பதிவுப் புத்தகத்தில் மாறும்வரை அது பஸ்தான். ஓட்டுகிறவருக்குச் சிறிய பஸ்ஸுக்கான டி1 வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலை தொடங்குவதற்கு முதல் வரைபடத்தோடு மோட்டார் வாகனப் பரிசோதகரைச் சந்தித்து, எதை மாற்றலாம், எதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். பஸ் என்று காப்புறுதி செய்த வண்டி உள்ளே காஸ் அடுப்போடு எரிந்தால் இழப்பீடு தரச் சொல்லிக் கேட்கவும் முகம் இராது. அவசரக் கதவை மறித்துக் கட்டில் போடாதீர்கள். அதுதான் உங்கள் இரண்டாவது வாசல். முன்கதவடியில் இரண்டு கிலோ தூள் தீயணைப்பான்.

சமையலுக்கு ஐந்து கிலோ காஸ் சிலிண்டர், நிமிர்த்திக் கட்டி. காஸ் காற்றை விடப் பாரம், கீழேதான் தேங்கும்; ஆகவே சிலிண்டர்ப் பெட்டி உள்பக்கம் முழுதாக மூடி, அடியில் நிலத்தைப் பார்க்க ஓட்டை இருக்க வேண்டும். கோடையில் வெளியே தாழ்வாரத்தின் கீழ் சமையுங்கள், உள்ளே அடுப்பு மூட்டினால் பின்னேரம் முழுவதும் அந்தச் சூட்டில்தான் வேலை.

கிணற்றடியில் குளிக்க வசதி இருந்தால் இருவருக்கும் நாளுக்கு 35, 40 லீற்றர் காணும். 150 லீற்றர் தாங்கி நாலு நாளுக்கு. வெளிச்சம் புகாத உணவுத்தரத் தாங்கியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாசி. முதல் நிரப்பும்போதும் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் 5 வீத வெண்மையாக்கித் திரவம் 150 மில்லிலீற்றர் கலந்து நாலு மணித்தியாலம் விட்டு, வடித்து, அலசுங்கள். குடிக்க மட்டும் வடிகட்டின தண்ணீர் வாங்குங்கள்; வன்னியின் பல கிணறுகளில் கல்சியம் அதிகம், பூநகரிப் பக்கம் உவர். குளத்தில் குளிக்க ஆசைப்பட்டால் ஊர்ச்சனம் குளிக்கிற துறையில் மட்டும். முதலை இல்லாத பெரிய குளம் வன்னியில் குறைவு.

மலசலகூடத்துக்கு உலர் முறை. சிறுநீர் தனியாகப் பத்து லீற்றர் கானுக்கு. இருவருக்கும் மூன்று நாள். மலம் 20 லீற்றர் வாளியில், ஒவ்வொரு முறையும் இரண்டு பிடி தும்புத்தூளும் கொஞ்சம் சாம்பலும். ஈரம் கலக்காவிட்டால் மணக்காது; மணக்கிறதென்றால் சிறுநீர் உள்ளே போகிறது. ஒரு கிழமைக்கு ஒருமுறை, தங்குகிற வளவின் குழி மலசலகூடத்தில் கொட்டுங்கள். குளக்கட்டில், வாய்க்கால் கரையில் ஒருநாளும் வேண்டாம்.

எங்கே நிற்பது? வண்டி என்றால் காட்டோரம் கண்ட இடத்தில் நிற்கலாம் என்ற நினைப்பை விடுங்கள். இவரின் நாலு வேலைத்தலத்துக்கும் கிட்ட ஒவ்வொரு வளவு பேசிவையுங்கள். கிணறு, மலசலகூடம், ஒரு பிளக், ஒரு மரம். கிராம சேவையாளரிடம் சொல்லி, அடையாள அட்டைப் பிரதி கொடுத்துவிடுங்கள். வாக்காளர் பதிவும் கடித முகவரியும் கனகபுரத்திலேயே இருக்கட்டும். அம்மாவின் ஏச்சுக்கு இதுவே பாதி மருந்து: நாலு வாடகை வளவுக்கு நடுவே சில்லு பூட்டின அறை ஒன்று.

வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை உள்ள இடம் எல்லாருக்கும் தெரியும். பலகை இல்லாத பற்றைக்குள் நிழல் தேடி வண்டியைப் பின்னுக்கு எடுப்பதுதான் ஆபத்து. ஆட்கள் புழங்குகிற நிலத்தில் மட்டும் நில்லுங்கள். தெரியாத காணியில் தாழ்வாரத்துக்கு முளை அடிக்காதீர்கள், குழி தோண்டாதீர்கள். 20 லீற்றர் தண்ணீர்க் கான்களில் கயிற்றைக் கட்டினால் சோளகத்துக்கும் நிற்கும். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கம் யானை. இரவில் வெளியே அரிசி, உப்பு, பழம், கழிவு ஒன்றும் வைக்காதீர்கள். வைத்தால் தகரக் கதவு யானைக்கு ஒரு கதவே அல்ல. பனை, தென்னைக்குக் கீழே நிறுத்தாதீர்கள். ஒரு தேங்காய் போதும் சோலர்க் கண்ணாடிக்கு. வேம்பு, புளி நல்லது, பட்ட கிளை இல்லாவிட்டால்; ஆனால் பின்னேர நிழல் மட்டும் வண்டியில் விழட்டும், அதற்கு முதல் சோலருக்கு வெயில் வேண்டும். தாழ்வாரத்தின் கீழே பாய் விரித்துப் படுக்கவே கூடாது, கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுக்கிறவரைத்தான் தேடி வருகிற மாதிரி வரும். பூநகரியில் உப்புக்காற்று, வயர் முனைகள் வெள்ளீயம் பூசின செம்பாக இருக்கட்டும், இறுக்கினபின் வாசலின் பூசுங்கள்.

நவம்பர், டிசம்பரில் கணக்கு முழுவதும் மாறும். ஒரு நாளுக்கு 1,400 வாட் மணி துண்டு விழும். மூன்று நாளில் பற்றரி அடி தட்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் சில வீதிகள் மூடும், இவரின் வேலையும் அநேகமாக நிற்கும். அந்த இரண்டு மாதமும் வண்டியைக் கனகபுரத்து வளவில் மேடான இடத்தில் நிறுத்தி, வீட்டு லைனில் கொழுவிவிடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது நாடு பட்ட பாட்டை நீங்களே கண்டிருப்பீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் சில்லு வீட்டை விட்டுக் கல்வீட்டுக்குப் போங்கள்.

எல்லாம் பூட்டி முடித்ததும் உடனே மாங்குளம் போகாதீர்கள். உங்கள் வளவிலேயே, வீட்டுக்குள் கால் வைக்காமல், வீட்டு லைனில் கொழுவாமல் முப்பது நாள் வண்டிக்குள் இருந்து வேலைக்குப் போங்கள். ஏப்பிரல் அல்லது ஓகஸ்ட் நல்லது. தினமும் விடிய 6 மணிக்குப் பற்றரி வீதத்தையும், பின்னேரம் 3 மணிக்கு உள்வெப்பத்தையும் கொப்பியில் எழுதுங்கள். விடியப் பற்றரி நாற்பது வீதத்துக்குக் கீழே போகிற நாட்கள் நாலைந்துக்கு மேல் என்றால் செலவில் எதையோ குறைத்து எண்ணியிருக்கிறீர்கள், பெரும்பாலும் பிறிட்ஜ்தான். உள்வெப்பம் வெளிநிழலை விட மூன்று பாகைக்கு மேல் என்றால் திறந்த ஜன்னல் பிழையான பக்கம் இருக்கிறது.

அதற்கும் முதல் ஒரு வேலை. முற்பணம் கொடுக்கப் போகிற அன்று காந்தத்துண்டு ஒன்றும் தண்ணீர்க் குழாயும் கொண்டுபோங்கள். சில்லு வளைவு, படிக்கட்டு, முன்கண்ணாடியின் கீழ்ச்சட்டம், பின்தளம் எங்கும் காந்தத்தை ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். பிறகு கூரைப் பொருத்துகளிலும் ஜன்னல் ரப்பரிலும் இருபது நிமிடம் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே போய்க் கையால் தடவிப் பாருங்கள். ஒழுக்கு ஒரு இடத்தில் என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். நாலு இடத்தில் என்றால் வேறு வண்டி பாருங்கள்.